ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுத்தால்...

'ஆளுநர்' என்ற சொல்லைக் கேட்டாலே தமிழ்நாட்டில் இன்று நினைவுக்கு வருவது கிடப்பில் போடப்பட்ட மசோதாக்களும், உச்சநீதிமன்றம் வரை சென்ற வழக்குகளும்தான். குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படும் ஒருவர், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை இயற்றிய சட்டத்தை எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம் என்பது நம் அரசியலில் ஓயாத விவாதம். அந்த விவாதத்தின் நடுவே, 'அப்படியானால் ஆளுநரையும் மக்களே தேர்ந்தெடுத்துவிட்டால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கல்லூரி வகுப்பறைகளில் இந்தக் கேள்வியை என் மாணவர்களிடமிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். பொருளியல் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று சிலர் நினைக்கலாம். கருவூலத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இதன் விடை அமைவதால், பொருளியல் ஆசிரியரிடம் கேட்கத்தக்க கேள்வி என்றே நான் கருதுகிறேன்.

ஆளுநர்களை மக்களே தேர்ந்தெடுக்கும் தீவுகள் உலகில் உண்டு. அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்டு, ஆனால் அதன் 50 மாநிலங்களில் ஒன்றாக இல்லாத ஐந்து பிரதேசங்கள் அவை: போர்ட்டோ ரிக்கோ, வர்ஜின் தீவுகள், குவாம், அமெரிக்க சமோவா, வட மரியானா தீவுகள். இவற்றில் போர்ட்டோ ரிக்கோவைத் தவிர்த்த நான்கும் மிகச் சிறியவை. குவாமின் பரப்பளவு ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டர். நமது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. 2020 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்பவர்கள் 1,53,836 பேர். ஓசூர் நகராட்சியாக இருந்தபோது, 2011-இல் அதன் மக்கள்தொகையே 1.16 லட்சம். அவ்வளவு சிறிய தீவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆளுநர் தேர்தல் நடக்கிறது.

அந்த உரிமை எளிதில் கிடைத்துவிடவில்லை. ஸ்பெயினுடனான போருக்குப் பின் 1898 டிசம்பர் 10 அன்று கையெழுத்தான பாரீஸ் உடன்படிக்கையின் மூலம் குவாமும் போர்ட்டோ ரிக்கோவும் அமெரிக்காவின் கைக்கு வந்தன. (அதே டிசம்பர் 10-ஆம் நாள், 20 ஆண்டுகளுக்கு முன்னர், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது.) அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் குவாமை ஆண்டவர்கள் கடற்படை அதிகாரிகள். கப்பலின் தளபதிக்கு மாலுமிகள் மீது இருக்கும் அதிகாரம், தீவின் ஆளுநருக்கு மக்கள் மீது இருந்தது. சட்டம் இயற்றுபவரும் அதை நிறைவேற்றுபவரும் அவரே. முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் ஆளுநராக இருந்த கில்மர் என்ற கடற்படைத் தளபதி, தலைநகரில் யாரும் சீழ்க்கை அடிக்கக் கூடாது என்று ஆணை பிறப்பித்தார். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால், மறுத்துக் கேட்க மன்றம் இல்லாத இடத்தில் ஆட்சியாளரின் எரிச்சல்கூடச் சட்டமாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன்.

1941 டிசம்பரில் ஜப்பான் குவாமைக் கைப்பற்றியது. 1944-இல் அமெரிக்கப் படைகள் மீட்டன. மீட்ட பின்பும் கடற்படை ஆட்சியே திரும்பியது. அத்துடன் தீவின் நிலத்தில் பெரும்பகுதி ராணுவத் தளங்களுக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. இன்றும் தீவின் நிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் ராணுவத்தின் வசம் இருக்கிறது. ஆலோசனை மன்றம் என்ற அளவிலேயே இருந்த குவாம் காங்கிரஸின் உறுப்பினர்கள், 1949 மார்ச்சில், தங்கள் அழைப்பாணைக்குக் கட்டுப்பட மறுத்த ஓர் அமெரிக்கரை விசாரிக்கும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று ஆளுநர் கூறியதைக் கண்டித்து அவையை விட்டு வெளியேறினர். ஆளுநர் அவர்களைப் பதவிநீக்கம் செய்தார். செய்தி அமெரிக்க நாளேடுகளில் வெளியானது. ராணுவ ஆட்சியைத் தொடர்வது வாஷிங்டனுக்குத் தலைக்குனிவாகிவிட்டது. 1950 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட குவாம் அடிப்படைச் சட்டம், மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமையும் சட்டமன்றமும் அளித்தது. ஆளுநர் மட்டும் தொடர்ந்து அதிபரால் நியமிக்கப்பட்டார்.

போர்ட்டோ ரிக்கோ இதில் முந்திக்கொண்டது. 1947-இல் அமெரிக்க காங்கிரஸ் அந்தத் தீவுக்கு ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வழங்க, 1948 தேர்தலில் லூயிஸ் முனோஸ் மரீன் வென்று, 1949 ஜனவரி முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு முறை பதவி வகித்தார். வர்ஜின் தீவுகளுக்கும் குவாமுக்கும் அதே உரிமை 1968-இல்தான் வந்தது. 1970 நவம்பரில் இரு இடங்களிலும் முதல் தேர்தல் நடந்தது. இரண்டிலும் ஒரே வகையான முடிவு. வர்ஜின் தீவுகளில் மருத்துவர் மெல்வின் எவன்ஸ், குவாமில் பல் மருத்துவர் கார்லோஸ் கமாச்சோ. இருவருமே அதிபர் நிக்ஸனால் 1969-இல் நியமிக்கப்பட்ட ஆளுநர்கள். நியமிக்கப்பட்டவர்களில் கடைசியானவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் முதலானவர்கள். வட மரியானா தீவுகளில் 1978 ஜனவரியில் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது முதல் ஆளுநரானவரும் ஒரு மருத்துவரே; அவர் பெயரும் கார்லோஸ் கமாச்சோதான் என்பதால் நூல்களில் குழப்பம் நேர்வதுண்டு. சிறிய ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த முகம் மருத்துவருடையது என்பதைத் தவிர இதற்குப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. 2019 முதல் குவாமின் ஆளுநராக இருக்கும் லூ லியோன் கெரேரோ, அத்தீவின் முதல் பெண் ஆளுநர்; அவரும் செவிலியராகப் பணியைத் தொடங்கியவர், பின்னர் வங்கித் தலைவரானவர்.

சிறிய ஊரின் அரசியலில் குடும்பங்களின் பிடி இறுகும் என்பதற்கும் குவாம் சான்று. முதல் ஆளுநர் கார்லோஸ் கமாச்சோவின் மகன் பெலிக்ஸ் கமாச்சோ 2003 முதல் 2011 வரை ஆளுநர். 1979 முதல் 1983 வரை ஆளுநராக இருந்த பால் கால்வோவின் மகன் எடி கால்வோ 2011 முதல் 2019 வரை ஆளுநர். வாரிசு அரசியல் நமக்கு மட்டுமே உரியது என்று வருந்துவோர் சற்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால், இக்குடும்பங்கள் எதிர்ப்பே இல்லாமல் ஆளவில்லை. 2010 தேர்தலில் எடி கால்வோ வென்றது சில நூறு வாக்குகளில். வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றால்தான் வெற்றி, இல்லையேல் மறுசுற்று என்பது அங்குள்ள விதி. 1998-இல் கார்ல் குட்டியேரஸ் பெற்ற வாக்குகள், யாருக்கும் வாக்களிக்காத வெற்றுச் சீட்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் பாதிக்குச் சற்றுக் குறைவு. சேர்க்காவிட்டால் பாதிக்குச் சற்று அதிகம். இந்தச் சிறிய தீவின் வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஆளுநர் பதவிக்கு உண்மையில் அளிக்கப்பட்ட வாக்குகளையே கணக்கில் கொள்ள வேண்டும், மறுசுற்று தேவையில்லை என்று 2000-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. 2013 முதல் 'நோட்டா' பொத்தானை வைத்துக்கொண்டு, அதற்கு என்ன பொருள் என்று இன்னும் முடிவு செய்யாத நாம் இந்தத் தீர்ப்பைப் படித்துப் பார்க்கலாம்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதற்காக ஒருவர் நேர்மையாளர் ஆகிவிடுவதில்லை. இருமுறை குவாமின் ஆளுநராக இருந்த ரிக்கார்டோ போர்டால்யோ ஊழல் தொடர்பான வழக்கில் தண்டிக்கப்பட்டார். சிறை செல்ல வேண்டிய நாளான 1990 ஜனவரி 31 அன்று, தலைநகர் ஹகாத்னாவில், சமோரோ மக்களின் பழந்தலைவர் கெப்புஹாவின் சிலையோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த மரணத்தை மக்கள் இன்றும் பலவாறாகப் பொருள் கொள்கிறார்கள். அவருடைய மனைவி மேடலின் பின்னர் துணை ஆளுநராகவும், 2003 முதல் 2019 வரை வாஷிங்டனில் தீவின் பிரதிநிதியாகவும் இருந்தார். வட மரியானாவில் ஆளுநர் பெனிக்னோ பித்தியால் மீது 2013 பிப்ரவரியில் கீழவை பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்ற, மேலவை விசாரணைக்கு முன்பே அவர் பதவி விலகினார். போர்ட்டோ ரிக்கோவில் 2019-இல் மக்கள் பல நாள்கள் தெருவில் நின்று ஆளுநர் ரிக்கார்டோ ரோசெயோவைப் பதவி விலக வைத்தனர். குவாமின் சட்டத்திலேயே ஆளுநரைப் பொதுவாக்கெடுப்பின் மூலம் திரும்ப அழைக்கும் வழிவகை இருக்கிறது. தவறு செய்பவரை இறக்கும் ஏணியும் மக்களிடமே இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

ஐந்து பிரதேசங்களில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது அமெரிக்க சமோவா. மக்கள்தொகை 2020-இல் 49,710. ஆளுநரை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறீர்களா என்று 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. மூன்று முறையும் மக்கள் 'வேண்டாம்' என்றனர். குலத்தலைவர்களின் வழி நிற்கும் தங்கள் சமூக அமைப்பும், குடும்பப் பொதுச்சொத்தாக இருக்கும் நிலமும் தேர்தல் அரசியலில் குலைந்துவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. 1976-இல் நான்காவது முறை கேட்டபோதுதான் 'சரி' என்றனர். 1977 நவம்பரில் தேர்தல் நடந்து, 1978 ஜனவரியில் பீட்டர் டாலி கோல்மன் பதவியேற்றார். இவர் 1956 முதல் 1961 வரை நியமன ஆளுநராகவும் இருந்தவர். உரிமையைக் கொடுத்தாலும் மறுத்த மக்கள் என்று இவர்களை எள்ளி நகையாடியவர்கள் இருந்தனர். எனக்கு அவர்கள் எச்சரிக்கையான மக்களாகத் தோன்றுகிறார்கள்.

எச்சரிக்கைக்குப் பொருளாதாரக் காரணமும் இருந்தது என்பதைப் பின்னாளைய நிகழ்வுகள் காட்டின. சமோவாவின் பொருளாதாரம் சூரை மீனைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் ஆலைகளை நம்பியது. 2007-இல் அமெரிக்க காங்கிரஸ் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்திய சட்டம், சமோவாவுக்கும் வட மரியானாவுக்கும் ஆண்டுதோறும் மணிக்கு 50 சென்ட் உயர்வை விதித்தது. உயர்த்துங்கள் என்று தீவு மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநர் கேட்கவில்லை. நிறுத்துங்கள் என்றுதான் ஆளுநர் தோகியோலா துலாபோனோ மன்றாடினார். இரண்டு பெரிய ஆலைகளில் ஒன்று 2009 செப்டம்பரில் மூடப்பட்டது. இரண்டாயிரம் பேருக்கு மேல் வேலை இழந்தனர். அதே மாதம் 29-ஆம் நாள் ஆழிப்பேரலையும் தாக்கியது. ஊதியம் உயர்ந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த ஆலைகளில் கொடுக்கப்பட்ட கூலி உண்மையிலேயே குறைவு. தீவின் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் தீவின் ஆளுநருக்கும் இடையே பேசி முடிக்க வேண்டியதை, அவர்கள் வாக்களிக்காத ஒரு மன்றம் முடிவு செய்தது என்பதுதான் என் குறை. விளைவுக்கு ஆளுநர் பதில் சொல்ல நேர்ந்தது.

வட மரியானாவின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்கி அதே இடத்தில் முடிந்தது. குடியேற்றத்தையும் குறைந்தபட்ச ஊதியத்தையும் தானே தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. அதைப் பயன்படுத்தி, சீனாவிலிருந்தும் பிலிப்பின்ஸிலிருந்தும் தொழிலாளர்களைக் குறைந்த கூலிக்குக் கொண்டுவந்து, சைப்பான் தீவில் ஆயத்த ஆடை ஆலைகள் பெருகின. 'அமெரிக்காவில் தயாரானது' என்ற முத்திரையுடன் சுங்கவரி இன்றி அமெரிக்கச் சந்தைக்குச் சென்றன. தொழிலாளர் நிலை குறித்த புகார்கள் உலகறிந்தவை. 2005 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக ஒப்பந்தப்படி ஆடை ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வர, ஆலைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. 2009-இல் கடைசி ஆலையும் மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் குடியேற்ற அதிகாரத்தையும் வாஷிங்டன் எடுத்துக்கொண்டது. சலுகைக்காக வந்த மூலதனம் சலுகை முடிந்ததும் போய்விட்டது. போர்ட்டோ ரிக்கோவிலும் அதுவே நடந்தது. 1976-இல் அமெரிக்க வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விலக்கை நம்பி வந்த மருந்து ஆலைகள் பல, அந்த விலக்கு 1996-இல் நீக்கப்பட்டுப் பத்தாண்டுகளில் படிப்படியாகக் கரைந்தபோது இடம்பெயர்ந்தன. அதன்பின் கடன், பின்னர், 2016-இல், தீவின் வரவு செலவைத் தன் ஒப்புதலுக்கு உட்படுத்தும் ஏழு பேர் கொண்ட மேற்பார்வை வாரியம். அந்த வாரியத்தில் ஒருவரையும் தீவு மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

ஓசூரில் வாழும் எவருக்கும் இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. 1970-களில் பின்தங்கிய தருமபுரி மாவட்டத்தின் ஒரு மூலையில் இருந்த ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததும், மூலதன மானியமும் வரிச் சலுகையும் கிடைத்ததும், பெங்களூரு 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்ததும் சேர்ந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற நிறுவனங்களை இங்கு கொண்டுவந்தன. அந்தச் சலுகைகளை ஓசூர் கொடுக்கவில்லை. சென்னையும் தில்லியும் கொடுத்தன. நாளை அத்திப்பள்ளிக்கு அப்பால் கர்நாடகம் மேலும் பெரிய சலுகை அளித்தால் ஓசூர் என்ன செய்ய முடியும்? இந்தப் பக்கம் ஒரு குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை, சில கிலோமீட்டர் தாண்டினால் வேறொரு மாநிலத்தின் அறிவிக்கை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஒரே வேலைச் சந்தை இது. தன் வாழ்வைத் தீர்மானிக்கும் முடிவுகள் எதையும் தானே எடுக்காத ஊர் என்ற வகையில், கடல் சூழாத ஒரு தீவுதான் ஓசூர்.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். நம் அரசமைப்பை வகுத்தவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரைப் பற்றிச் சிந்திக்கவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. 1947 ஜூலையில் சர்தார் படேல் தலைமையிலான மாகாண அரசமைப்புக் குழு, ஆளுநரை வயதுவந்தோர் வாக்குரிமை அடிப்படையில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசமைப்பு நிர்ணய சபையும் ஏற்றது. 1948 வரைவில் அதற்கு ஒரு மாற்று வழியும் தரப்பட்டது: சட்டமன்றம் நால்வரைத் தேர்ந்தெடுக்க, அவர்களில் ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம். 1949 மே 30, 31 ஆகிய நாள்களில் நடந்த விவாதத்தில் பிரஜேஷ்வர் பிரசாத் கொண்டுவந்த திருத்தத்தின்படி இரண்டும் கைவிடப்பட்டு, நியமனமே நிலைத்தது. நேரு அதை ஆதரித்தார். இரண்டு ஆண்டுகளில் இந்த மனமாற்றம் ஏன்? நாட்டுப் பிரிவினையின் ரத்தம் காயாத நாள்கள் அவை. மாகாணங்கள் தனிவழி செல்லுமோ என்ற அச்சம் ஒரு காரணம். மற்றொன்று வலுவான தர்க்கம்: முதல்வரும் மக்களால் வந்தவர், ஆளுநரும் மக்களால் வந்தவர் என்றால், ஒரே உறையில் இரண்டு கத்திகள்.

அந்தத் தர்க்கத்தை நான் ஏற்கிறேன். மாநிலங்களில் ஆளுநரைத் தேர்தல் மூலம் கொண்டுவந்தால் இன்றைய பூசல் தீராது, வலுக்கும். இன்று 'நீங்கள் யார் தேர்ந்தெடுத்து வந்தவர்?' என்றாவது கேட்க முடிகிறது. குவாமின் ஆளுநரையும் நம் ஆளுநரையும் ஒரே சொல்லால் குறிப்பதால் வரும் மயக்கம் இது. அங்கே ஆளுநருக்கு மேல் முதல்வர் இல்லை. அமைச்சரவை அவருடையது; 15 உறுப்பினர் சட்டமன்றம் இயற்றுவதை மறுக்கும் அதிகாரமும் அவருடையது. ஆகவே, குவாமின் ஆளுநருக்கு நம்மிடையே இணை தேடினால் அது முதலமைச்சர்தான், ராஜ்பவனில் இருப்பவர் அல்லர்.

தொரப்பள்ளியின் மைந்தர் ராஜாஜியின் வாழ்க்கையிலேயே இந்த இருவகைப் பதவிகளும் விசித்திரமாகப் பின்னிக்கிடக்கின்றன. 1917-இல் சேலம் நகராட்சியின் தலைவர். 1947 ஆகஸ்ட் 15 முதல் மேற்கு வங்கத்தின் ஆளுநர். 1948 ஜூன் முதல் குடியரசு மலரும் வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். 1952 பொதுத்தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் பெரும்பான்மை பெறாதபோது, தேர்தலில் நிற்காத அவரை ஆளுநர் ஸ்ரீபிரகாசா சட்ட மேலவைக்கு நியமித்தார். அந்த வழியில் அவர் முதல்வரானார். ஆட்சித் திறனில் அவரை விஞ்சியவர் குறைவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், நியமன ஆளுநரின் கையெழுத்து ஒரு மாகாணத்தின் ஆட்சியையே தீர்மானித்த முதல் நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. எங்கள் மாவட்டத்துப் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

மாநிலங்களுக்குப் பொருந்தும் தர்க்கம் நம் தீவுகளுக்குப் பொருந்துமா? அந்தமான் நிக்கோபாரின் மக்கள்தொகை 2011-இல் 3.81 லட்சம், கணிசமானோர் தமிழர். லட்சத்தீவின் மக்கள்தொகை 64,473. லட்சத்தீவுக் கூட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்தது என்பதும் நாம் மறந்துவிட்ட செய்தி. இரண்டிலும் சட்டமன்றம் இல்லை, முதல்வர் இல்லை. அந்தமானில் 1982 முதல் துணைநிலை ஆளுநர்; லட்சத்தீவில் நிர்வாகி. இருவரும் குடியரசுத் தலைவரால், அதாவது மத்திய அரசால், நியமிக்கப்படுபவர்கள். அரசமைப்பின் 240-ஆவது பிரிவின்படி இத்தீவுகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டங்களைக் குடியரசுத் தலைவரே பிறப்பிக்கலாம். ஒரே உறையில் இரண்டு கத்திகள் என்ற கவலைக்கு இங்கே இடமில்லை. உறையில் இருப்பது ஒரே கத்தி, அதுவும் மக்கள் தேர்ந்தெடுக்காதது.

லட்சத்தீவில் 2021-இல் எழுந்த கொந்தளிப்பை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். நில மேம்பாட்டுக்கான வரைவு ஒழுங்குமுறை, மாவட்டப் பஞ்சாயத்திடம் இருந்த கல்வி, சுகாதாரம், வேளாண்மை, மீன்வளம், கால்நடைப் பராமரிப்பு ஆகிய துறைகள் அதனிடமிருந்து எடுக்கப்பட்டமை எல்லாம் நிர்வாகியின் ஆணைகள். தீவு மக்கள் எதிர்த்தனர்; கேரளப் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது; நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்தன. அந்த ஆணைகள் சரியா தவறா என்று இங்கே வாதாட விரும்பவில்லை. தீவின் அவை ஒன்றில் அவற்றை விவாதிக்க வழியே இல்லாததால், கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் விவாதிக்க நேர்ந்தது. கிரேட் நிக்கோபார் தீவில் 72,000 கோடி ரூபாய் அளவில் திட்டமிடப்பட்ட துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றுக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அத்தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ எட்டாயிரம். நாட்டுப் பாதுகாப்புக்கு அத்திட்டம் தேவை என்பவர்களும் உண்டு, காடும் பழங்குடியும் அழியும் என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் வாதிடுவது தில்லியில்.

ஆனால், ஒரு வேறுபாட்டை நேர்மையாகச் சொல்ல வேண்டும். குவாம் மக்கள் அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. பிரதிநிதிகள் சபையில் அவர்களுக்கு ஓர் உறுப்பினர் உண்டு. மசோதா மீதான இறுதி வாக்கெடுப்பில் அவருக்கு வாக்கு இல்லை. அமெரிக்க சமோவா மக்கள் பிறப்பால் குடிமக்கள்கூட அல்லர். அந்தமானும் லட்சத்தீவும் 1967 முதல் மக்களவைக்கு முழு வாக்குரிமையுள்ள உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன, லட்சத்தீவின் பி.எம். சயீத் 1967 முதல் 2004 வரை தொடர்ந்து அவ்வாறு இருந்தார், மக்களவையின் துணைத் தலைவராகவும் ஆனார். அமெரிக்கா தன் தீவினருக்கு வீட்டை ஆளும் உரிமையைக் கொடுத்து, நாட்டை ஆளும் உரிமையை மறுத்திருக்கிறது. நாம் நாட்டில் பங்கு கொடுத்து, வீட்டின் திறவுகோலை வைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், நம்முடையதுதான் என்பேன். ஆனால், ஒன்றைக் கொடுத்ததால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகிவிடாது.

சிறிய பிரதேசத்துக்குச் சட்டமன்றம் வீண் செலவு என்ற வாதம் எப்போதும் எழும். இதைவிடச் சிறிய மக்கள்தொகை கொண்ட வட மரியானா (47,329) இரு அவைகளையே வைத்துக்கொண்டிருக்கிறது; அவ்வளவு தேவையில்லைதான். முப்பது பேர் கொண்ட பேரவை புதுச்சேரியில் இருக்கிறது. அங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கும் துணைநிலை ஆளுநருக்கும் இடையிலான பூசல், குறிப்பாக 2016-க்குப் பிந்தைய ஆண்டுகளில், எல்லோரும் அறிந்தது. பிரிட்டனின் பெர்முடா, கேமன் போன்ற தீவுகளில் ஆளுநர் லண்டனின் நியமனம், அரசுத் தலைவர் மக்களின் தேர்வு என்ற ஏற்பாடு உண்டு. டர்க்ஸ் கைகோஸ் தீவுகளில் ஊழல் புகாரின் பேரில் 2009-இல் அந்தத் தன்னாட்சியையே லண்டன் நிறுத்தி வைத்து, 2012-இல்தான் திருப்பித் தந்தது. வழிகள் பல இருக்கின்றன. அந்தமானுக்கு ஒரு சிறு பேரவை, லட்சத்தீவுக்கு அதிகாரம் உறுதி செய்யப்பட்ட ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், பாதுகாப்பும் கடல் எல்லையும் மத்திய அரசிடம் என்பது என் கருத்து.

அப்படிச் செய்யும்போது கருவூலத்தை மறந்தால் குவாமின் பாடம் வீணாகும். குவாமில் வசூலாகும் வருமான வரி தீவின் கருவூலத்துக்கே சேர்கிறது; அது பெரிய வரம். ஆனால், வரி விகிதம் அமெரிக்கச் சட்டத்தின் நிழலாகவே நகரும். 2017-இல் வாஷிங்டன் வரியைக் குறைத்தபோது, குவாமின் வருவாய் தானாகவே சரிந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப, ஆளுநர் எடி கால்வோவின் அரசு 2018-இல் வணிக நிறுவனங்கள் மீதான வரியை 4 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்த வேண்டியதாயிற்று. குறைத்த பெருமை ஓரிடம், உயர்த்திய பழி ஓரிடம்.

இதே கணக்கை ஓசூரில் போட்டுப் பாருங்கள். இங்குள்ள ஆலைகளில் உற்பத்தியாகும் பொருள்களின் சரக்கு-சேவை வரி மத்திய, மாநில அரசுகளுக்குச் செல்கிறது. அது நுகர்வு நடக்கும் மாநிலத்துக்குரிய வரி என்பதால், உற்பத்தி செய்யும் ஊருக்குத் தனிப்பங்கு எதுவும் இல்லை. மாநகராட்சிக்கு மிஞ்சுவது சொத்து வரியும் தொழில் வரியும். தொழில் வரிக்கு அரசமைப்பின் 276-ஆவது பிரிவு விதித்த உச்சவரம்பு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய். அந்த வரம்பு நிர்ணயிக்கப்பட்டது 1988-இல். அன்றைய 2,500 ரூபாய்க்கும் இன்றைய 2,500 ரூபாய்க்கும் உள்ள தொலைவை விலைவாசி அறிந்த எந்த இல்லத்தரசியும் சொல்லிவிடுவார். லாரிகள் ஓடித் தேய்த்த சாலையையும், வெளிமாநிலத் தொழிலாளர் பெருகிய குடியிருப்புகளின் குடிநீரையும், கழிவுநீரையும் இந்த வருவாயில்தான் கவனிக்க வேண்டும்.

ஊரின் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதும் நம் மாநிலத்தில் நிலைபெறவில்லை. மேயர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தது 1996, 2001 தேர்தல்களில். 2006-இல் மாமன்ற உறுப்பினர்கள் மூலம். 2011-இல் மீண்டும் நேரடியாக. பிறகு சட்டம் சிலமுறை அப்படியும் இப்படியும் திருத்தப்பட்டு, 2022-இல் மீண்டும் உறுப்பினர்கள் மூலம். 2019-இல் மாநகராட்சியான ஓசூர் தன் முதல் மேயரைக் கண்டது அந்த 2022 தேர்தலில்தான். 45 வார்டுகளின் உறுப்பினர்கள் வாக்களித்தனர். நிர்வாக அதிகாரத்தின் பெரும்பகுதி அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. 1.54 லட்சம் பேர் வாழும் குவாமில் ஆளுநரின் பெயரைச் சொல்லாத பள்ளி மாணவர் இருக்க மாட்டார். எங்கள் ஊர் மாணவர்களிடம் ஆலைகளின் தலைவர்கள் பெயரைக் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். மாமன்றத்தில் தங்கள் வார்டின் உறுப்பினர் பெயரைக் கேட்டால் தயங்குகிறார்கள்.

2022-இல் பொறுப்பேற்ற நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த மேயரை ஓசூர் வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுப்பாரா, உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்களா என்பதைத் தீர்மானிக்கும் சட்டம் சென்னையில் இயற்றப்படும். தொழில் வரியின் உச்சவரம்பை உயர்த்துவது தில்லியின் கையில் இருக்கிறது. இவற்றில் முதலாவதைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசப்படும். இரண்டாவதைப் பற்றியும் வேட்பாளர்களிடம் நம் வாக்காளர்கள் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.